கூட்டினால் 334: புதிர்க் கேம் ஒன்றில் பயம் எங்கே இருக்கிறது

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேம் இன்ஸ்கிரிப்ஷன். கனடாவைச் சேர்ந்த டானியல் மல்லின்ஸ் உருவாக்கி, டெவால்வர் டிஜிட்டல் 2021 ஒக்டோபர் 19இல் வெளியிட்டது. 2022இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும், கேம் உருவாக்குநர்களின் ஜி.டி.சி. மாநாட்டில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்கே கிடைத்தன. விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வந்து படிப்பது நல்லது. கதையின் முடிச்சுகள் கீழே அவிழ்க்கப்படுகின்றன.

இரண்டாம் பாதியில், இந்தக் கேமின் முதல் அங்கத்தில் வேலை செய்யும் பொறிமுறையை யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குள் கொண்டுவர என்ன தேவை என்று ஒரு வரைவு போட்டிருக்கிறோம். கேம் செய்ய நினைக்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்து எழுதியது அது. கேம் இன்னும் செய்யப்படவில்லை, காகிதத்தில்தான் இருக்கிறது.

நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் பிறந்த விதி

கேமின் விதை 2018 டிசம்பரில் நடந்த லூடம் டேர் 43. குறித்த நேரத்துக்குள் கேம் ஒன்றைச் செய்து முடிக்கும் இணையப் போட்டி அது. அந்த முறை கொடுத்த தலைப்பு, பலி கொடுத்தே ஆகவேண்டும் என்ற கருத்துடையது. பலரும் அதைக் கதையாக எடுத்தார்கள். மல்லின்ஸ் அதை விலையாக எடுத்தார்: ஒரு சீட்டை மேசையில் வைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே மேசையில் இருக்கும் இன்னொரு சீட்டைக் கொல்ல வேண்டும். முழுக் கேமும் இந்த ஒற்றை வரியிலிருந்து வளர்ந்தது.

முதல் அங்கத்தில் இருட்டான ஒரு குடிலுக்குள், கண்கள் மட்டும் தெரியும் ஒருவருக்கு எதிரே இருந்து சீட்டு ஆடுகிறீர்கள். விதிகள் சுருக்கமானவை. உங்கள் பக்கம் நாலு இடம், எதிரே நாலு இடம். பக்கத்தில் ஒரு தராசு. எதிராளியின் இடம் வெறுமையாக இருந்தால் உங்கள் சீட்டின் அடி நேரே தராசில் விழும். வித்தியாசம் 5 வந்தால் ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டுத்தான் எடுக்கலாம்: ஒன்றில் உங்கள் சீட்டுக்கட்டிலிருந்து, அல்லது அணில்கள் மட்டும் உள்ள கட்டிலிருந்து. அணிலுக்கு விலை இல்லை, அடிக்கும் பலம் 0, உயிர் 1. ஓநாய்க்கு விலை இரண்டு இரத்தம், பலம் 3, உயிர் 2. அதாவது ஓநாயை இறக்க இரண்டு உயிர் போக வேண்டும். கையில் இருப்பது அணில்கள்.

கணக்கு இப்போது தெரிகிறதல்லவா? அணில் சாவதற்காக மட்டுமே இருக்கும் சீட்டு. முதல் தடவை அதன்மேல் கத்தி இறங்கும்போது ஆட்டக்காரருக்குச் சற்றுக் கூசும். மூன்றாம் சுற்றில் அவர் அணிலைப் பார்ப்பதே இல்லை, "இரண்டு இரத்தம் கிடைக்குமா" என்றுதான் பார்க்கிறார். இருட்டும் மேசைக்கு அப்பாலிருந்து முறைக்கும் இரண்டு கண்களும் இதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகின்றன. கேம் அவரைப் பயப்படுத்தவில்லை, அவரைப் பழக்கிவிட்டது.

பழகிய இடத்தில் அடுத்த அடி விழுகிறது. உங்கள் சீட்டுக்கட்டில் இருக்கும் மரநாய் பேசுகிறது. பலி கொடுக்கும்போது முறையிடுகிறது. அதன் விலை ஒரு இரத்தம், பலம் 1, உயிர் 3. மேசையில் நிற்பதற்குப் பயனுள்ள சீட்டு, பலி கொடுக்கவும் பயனுள்ள சீட்டு. நல்ல சீட்டாக இருப்பதால் தவிர்க்க முடியாது. பேசுவதால் மறக்கவும் முடியாது. மரநாயைப் பலவீனமாகச் செய்திருந்தால் ஆட்டக்காரர் ஒதுக்கியிருப்பார், பேச்சு வீணாகியிருக்கும். பேசும் பாத்திரத்துக்கு எண்களால் வலுக் கொடுத்தது இந்தக் கேமின் மிக நுட்பமான முடிவு என்பது எங்கள் எண்ணம்.

பிறகு குறடு வருகிறது. தோற்கப்போகும் வேளையில் அதை எடுத்தால் உங்கள் பல்லொன்றைப் பிடுங்கித் தராசில் போடலாம். பெறுமதி: 1. காட்சி அருவருப்பானதுதான், ஆனால் அந்த 1தான் முக்கியம். 5இல் முடியும் ஆட்டத்தில் 1 என்பது ஐந்தில் ஒரு பங்கு. பெறுமதி 3 ஆக இருந்தால் எல்லோரும் யோசிக்காமல் பிடுங்குவார்கள். பூச்சியமாக இருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். "இப்போது பிடுங்கவா, அடுத்த முறைக்கு வைக்கவா" என்று ஆட்டக்காரர் தன் பல்லைப் பற்றிக் கணக்குப் போட வேண்டிவருகிறது.

கதிரையை விட்டு எழும்புதல்

ஆட்டங்களுக்கிடையில் மேசையை விட்டு எழும்பி அந்தக் குடிலுக்குள் நடக்கலாம். பெட்டகம், சுவர் மணிக்கூடு, அலமாரி என்று புதிர்கள். பெட்டகத்தின் எண் விதிப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கச் சொல்லித் தூண்டுவது மரநாய். பெட்டகத்தைத் திறந்தால் இன்னொரு பேசும் சீட்டுக் கிடைத்துக் கட்டில் சேர்கிறது. ஆக, மேசையில் படித்தது அறையைத் திறக்கிறது, அறையில் கிடைத்தது மேசையை மாற்றுகிறது. பல திகில் கேம்களில் புதிர் ஒரு கதவுப் பூட்டு மட்டும்தான். கதை நிற்கும், பூட்டைத் திறப்பீர்கள், கதை தொடரும். இங்கே இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

தோல்வியைக் கையாளும் விதமும் கவனிக்க வேண்டியது. முற்றாகத் தோற்றால் உங்களையே ஒரு சீட்டாக்குவார்கள்: ஒரு சீட்டின் விலை, இன்னொன்றின் பலமும் உயிரும், மற்றொன்றின் குறி, கடைசியாக ஒரு பெயர், ஒரு புகைப்படம். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சீட்டு உங்கள் கைக்கே வரலாம். புதிர்க் கேமில் தோற்றவருக்குச் சலிப்பு வரும், திகில் கேமில் தோற்றவருக்குப் பயம் போய்விடும். இங்கே தோற்றதும் ஒரு பரிசு கிடைக்கிறது, கூடவே அந்தப் பரிசு தன் பிணம்தான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

எங்கே தளர்கிறது

இரண்டாம் அங்கத்தில் குடில் மறைந்து, பழைய கையடக்கக் கேம்களைப் போன்ற புள்ளிப்படங்களுக்கு மாறுகிறது. இங்கே பயம் இறங்கிவிடுகிறது என்று சொன்ன ஆட்டக்காரர்கள் பலர். படம் மாறியதால் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கணிப்பு வேறு. முதல் அங்கத்தில் விலை இரத்தமும் எலும்புமாக இருந்தது. எலும்பு என்பதும் உங்கள் உயிர்கள் செத்தால் கிடைப்பதே. இரண்டாம் அங்கத்தில் மின்சக்தியும் மணிக்கற்களும் சேர்ந்து விலை நாலு வகையாகிறது. நாலு வகைக் காசு புழங்கும் சந்தையில் சாவும் இன்னொரு காசாகிவிடுகிறது.

பின்னால் வரும் கோப்புத் தந்திரமும் பேசப்பட்டது. உங்கள் கணினியில் உள்ள உண்மையான கோப்பொன்றைத் தெரிவுசெய்து சீட்டாக்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டுச் செத்தால் கோப்பும் அழியும் என்று மிரட்டுவார்கள். உண்மையில் ஒன்றும் அழிவதில்லை. நல்ல மிரட்டல்தான், ஆனால் இதைப் பார்த்து எழுதப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: இங்கே பலர் விளையாடப்போவது கைத்தொலைபேசியில். அண்ட்ரொய்ட் 11இலிருந்து ஒரு செயலி நினைத்தபடி தொலைபேசியின் கோப்புகளைப் பட்டியலிட முடியாது. உலாவியில் அறவே முடியாது. அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றாலே மாயம் கலைந்துவிடும். வீட்டில் ஒரே கணினியை நாலு பேர் பாவிக்கும் இடத்தில், தங்கச்சியின் பாடக் குறிப்பு அழியப்போகிறது என்று மிரட்டுவது பகிடியும் அல்ல.

யாழ்ப்பாணத்து மேசை

இங்கே திகில் கேம் என்றதும் முதலில் வருவது முனி, மோகினி, புளியமரம். படமாக வரைய நல்லவை. விதியாக அவற்றிடம் ஒன்றும் இல்லை. முனியைக் கண்டால் ஓடுவது தவிர ஆட்டக்காரருக்கு வேலை கிடையாது. இரண்டாவதாக வருவது போர். சுவரில் மாலை போட்ட படம், பதுங்குகுழி, காணாமல் ஆக்கப்பட்டவரின் அறை. இவற்றைத் திகிலுக்கான அலங்காரமாகத் தொங்கவிடாதீர்கள். அந்தப் படங்களுக்குக் கீழே இன்றைக்கும் ஆட்கள் இருந்து சாப்பிடுகிறார்கள்.

எடுக்க வேண்டியது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி. அது கையிலேயே இருக்கிறது: முந்நூற்றி நாலு. தெரியாதவர்களுக்காக: 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு பக்கம். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு (ஒரே குறியுள்ள எட்டுச் சீட்டுக்கு) 76, நாலு சாதிக்கு 304. முதலில் நாலு நாலாகப் போட்டுக் கேள்வி கேட்பார்கள், அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறுவார்கள், 160இலிருந்து. கூடக் கேட்டவர் ஒரு சீட்டைத் துரும்பாக (மற்றச் சாதிகளை வெல்லும் சாதியாக) கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்ச நாலு. துரும்பு மூடியிருக்கும்வரை, இறங்கிய சாதி கையில் இல்லாதவர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். துரும்பு வைத்தவர் மட்டும் அதைப் பார்ப்பார். துரும்பென்றால் திறப்பு, இல்லையென்றால் அந்தச் சீட்டு மூடியபடியே போய்விடும்.

கவிழ்ந்த சீட்டு, ஒருவர் மட்டும் பார்க்கும் உரிமை, ஒருபோதும் மாறாத ஒரு கூட்டுத்தொகை. திகிலுக்கு வேண்டிய மூன்றும் விதிக்குள்ளேயே கிடக்கின்றன.

களம் ஒரு நாற்சார் வீட்டின் விறாந்தை. செத்தவீட்டு இரவுகளில் விழித்திருக்கக் காட்ஸ் விளையாடும் கூட்டம். நாலு இரவு: செத்த அன்று, காடாத்து (சாம்பல் அள்ளும் சடங்கு), எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள். தினமும் ஒன்றாக விளையாடிய நாலு பேரில் ஒருவர்தான் செத்தவர். அவருடைய கதிரையில் ஆட்டக்காரரை இருத்துகிறார்கள். "இரும் தம்பி, ஆள் காணாது" என்பதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒவ்வொரு இரவு முடிவிலும் இரண்டு எண்கள் கொப்பியில் எழுதப்படும், கூட்டுத்தொகை எழுதப்படாது. முதல் இரவு 164, 140. இரண்டாம் இரவு 187, 117. மூன்றாம் இரவு 151, 123. முந்நூற்றி நாலு ஆடிப் பழகியவரின் மனம் தன்பாட்டில் கூட்டும்: 274. முப்பது காணாது. ஒரு ஜாக் கட்டில் இல்லை. நாலாம் இரவு 176, 158. கூட்டினால் 334. போன ஜாக் ஒன்றாகப் போய் இரண்டாகத் திரும்பியிருக்கிறது.

ஒரு அலறலும் இல்லை, ஒரு உருவமும் தோன்றவில்லை. எதையாவது கண்டுபிடித்தால் அதைக் கண்டுபிடித்தவர் ஆட்டக்காரர்தான்.

செயலில் இது எங்கே பிழைக்கும்? மூன்றாம் இரவில் ஆடுத்தன் (ஹார்ட்ஸ்) ஜாக்கை எடுத்தால் 31 சீட்டுத்தான் மிஞ்சும், கடைசிச் சுற்றில் ஒருவர் கை வெறுமையாகும். ஆகவே அதன் இடத்தில் பெறுமதியில்லாத ஒரு ஏழு போக வேண்டும். ஆனால் அந்த ஏழு ஏற்கெனவே கட்டில் உண்டு. ஒரே சீட்டை இரண்டு தரம் திறந்து கண்டால் ஆட்டக்காரர் பயப்படமாட்டார், கேமில் பிழை என்று நினைப்பார். வழி விதிக்குள்ளேயே இருக்கிறது: அந்த இரண்டாம் ஏழைக் கணினி ஆடும் ஒருவரின் கையில் வைத்து, அவருக்கு ஒரு சாதி அறவே இல்லாமல் செய்து, துரும்பு திறக்குமுன் கவிழ்த்துப் போடச் செய்ய வேண்டும். துரும்பு முந்தித் திறந்துவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

நாலாம் இரவின் இரண்டாவது ஜாக்குக்கும் இதே வழி. ஆனால் இங்கே கட்டில் 33 சீட்டு. எட்டெட்டாகப் போட்டால் ஒன்று மிஞ்சும். சீட்டுப் போடுகிறவர் அதை ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைத் தட்டத்தின் கீழே செருகுவார். மிஞ்சுவது ஏழாகவோ எட்டாகவோ இருக்க வேண்டும். பத்தொன்று மிஞ்சினால் கூட்டு 324 ஆகிவிடும், ஆட்டக்காரர் தான் பிழையாக எண்ணிவிட்டதாக நினைத்துக் கடந்துபோவார். பிறகு தட்டத்தைத் தூக்கிப் பார்ப்பவருக்குச் சாதாரண ஏழு ஒன்று கிடைக்கும். அதைக் கண்டவர் கூடியது எங்கே என்று திரும்ப எண்ணத் தொடங்குவார்.

புதிராக இருக்க வேண்டுமென்றால் கைகள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டவையாகவும், மற்ற மூவரும் ஒரே நிலைமையில் எப்போதும் ஒரே சீட்டையே போடுகிறவர்களாகவும் இருக்க வேண்டும். அப்போது ஆட்டக்காரரின் எட்டுச் சீட்டை இறக்கக்கூடிய ஒழுங்குகள் அதிகபட்சம் 40,320. சாதிக்குச் சாதி போட வேண்டும் என்ற விதி இதை மிகவும் குறைக்கும். சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, எத்தனை வழியில் வெல்லலாம், எத்தனையில் துரும்பு முந்தித் திறக்கிறது என்று சொல்லிவிடும். மூவரில் ஒருவருக்கேனும் "இயல்பாக இருக்கட்டும்" என்று தற்செயலைக் கொடுத்தால் இந்தச் சோதனை முழுவதும் வீண். கை நூறாயிரம் தரம் ஓடினாலும் ஒருநாள் ஒருவர் சிக்கிக்கொள்வார்.

மேலே சொன்ன 151, 123 போன்ற எண்கள் ஒரு குறிப்பிட்ட வழியில் வென்றால் வருபவை. வேறு வழியில் வேறு எண்கள் வரும். ஆனால் எந்த வழியிலும் கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் கூட்டுத்தொகையில் பயத்தை வைத்தது.

கேள்வியின் விலை

அணிலுக்கு ஈடாக இங்கே எது? கேள்வி. 160க்கு மேல் ஒவ்வொரு பத்துக்கும் வீட்டிலிருந்து ஒரு பொருள் இல்லாமல் போகும். 250 வரை ஒன்பது படி, ஒன்பது பொருள். கூடக் கேட்டால் நல்ல சீட்டு முன்னுக்கு வரும் என்று சலுகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். என்ன போனது என்று அறிவிக்கக்கூடாது. ஒருநாள் மணிக்கூட்டுச் சத்தம் கேட்காது. இன்னொரு நாள் சாமியறை விளக்கு இராது. இழப்பைக் கவனிக்காதவர்தான் அதிகம் இழந்திருப்பார்.

ஆபத்து ஒன்று உண்டு: அலமாரித் திறப்பு எங்கே என்ற குறிப்பு மணிக்கூட்டில் இருந்து, மணிக்கூடு போய்விட்டால் ஆட்டக்காரர் முட்டுச்சந்தில் நிற்பார். ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டாவது வழி வேண்டும். இரண்டாவது வழிக்குப் பல்லி போதும். பல்லி சொல்வதற்குப் பலன் பார்க்கும் ஊர் இது. சரியான பொருளுக்குக் கிட்டப் போனால் ஒரு தரம், எட்டப் போனால் மௌனம். பேசும் மரநாய்க்கு நம்மூர்ப் பதில் என்றே சொல்லலாம். ஆனால் பல்லி முறையிடாது, அது ஒரு குறைதான். முறைப்பாட்டை எதிரே இருக்கும் பங்காளியிடம் கொடுக்கலாம். கேள்வி ஏற ஏற அவர் கேட்கட்டும்: "இன்னும் கேக்கப்போறீரோ? அவரும் இப்பிடித்தான்."

பின்வாங்கும் பொத்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் இருக்கட்டும், கேள்விக்கு இருக்கக்கூடாது. சீட்டைப் பிழையாகப் போட்டது புதிர்ப் பிழை, திருத்தலாம். கூடக் கேட்டது ஆசை.

வரைய வேண்டியது அதிகமில்லை. முகச்சீட்டு 12, மிச்சம் 20 சீட்டும் குறிகளை அடுக்கிச் செய்பவை. ஒலிக்குப் பனையோலைச் சலசலப்பு, துலாக் கிறீச்சிடல், ஆட்காட்டி, தூரத்து நாய். பின்னணி இசை வேண்டாம். இசை இருந்தால் மணிக்கூடு நின்றது கேட்காது.

தமிழ் எழுத்து

பல குழுக்கள் இடறும் இடம் இது. இன்ஸ்கிரிப்ஷன், கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் செய்யப்பட்டது என்பதற்காக நீங்களும் அதையே எடுத்தால், எழுத்தைக் காட்ட அதில் வழமையாகப் பாவிக்கும் டெக்ஸ்ட்மெஷ்புரோ தமிழ் எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தாது. "கெ" என்பது கணினிக்குள் முதலில் ககரம், பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும், அது வராது. "கு", "து" என்பவையும் உடையும். சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஒப்பேற்றுவார்கள். படத்தில் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. ஆட்டக்காரர் தன் பெயரைத் தட்டச்சிட்டாலோ எழுத்துரு ஏறாமல் போனாலோ அந்தக் குப்பை வெளியே வரும்.

2023 மார்ச்சில் வந்த கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருள், எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் நூலகத்தோடு வருகிறது, தமிழ் ஒழுங்காக அமையும். கோடோ 3இல் இது இல்லை. எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ் போதும், கேமோடு சேர்த்து விநியோகிக்க அதன் உரிமம் இடம் தருகிறது.

அப்படியிருந்தும் ஒன்று பிழைக்கும். வசனத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி வரச் செய்வது திகில் கேம்களின் பழக்கம். இயல்புநிலையில் அது குறியீடுகளை எண்ணுகிறது, எழுத்துகளை எண்ணுவதில்லை. "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறெழுத்து, கணினிக்கு 11 குறியீடு. "கொ" வருமுன் ஒரு கணம் "க" தோன்றி மாறும், புள்ளி பிந்தி விழும். பயமாக இருக்க வேண்டிய வசனம் திக்கித் தெரியும். கோடோவில், தெரியும் எழுத்துகளை எண்ணும் நடத்தையை, எழுத்தமைப்புக்கு முன் வெட்டுவதிலிருந்து அமைப்புக்குப் பின் காட்டுவதாக மாற்ற வேண்டும். அல்லது சொல் சொல்லாகக் காட்டுங்கள், பேச்சுத் தமிழுக்கு அதுவே பொருத்தம். எழுத்தை நடுங்க வைக்கும் விளைவிலும் கவனம் தேவை: கொம்பு ஒருபக்கமும் மெய் ஒருபக்கமும் ஆடக்கூடும்.

வெளியிட இட்ச் தளம் காசு கேட்பதில்லை. ஸ்டீம் ஒரு கேமுக்கு 100 அமெரிக்க டொலர் கேட்கும், 1,000 டொலர் வருமானம் வந்தபின் அது திரும்பும். முதல் இரவை மட்டும் இட்ச்சில் போட்டு, ஆட்கள் எந்தச் சுற்றில் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

முந்நூற்றி நாலு தெரியாதவர்

வரைவின் பெரிய ஓட்டை இதுதான். ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைக்கோ மதுரையில் இருப்பவருக்கோ 151, 123 என்பவை வெறும் எண்கள். விதியை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதால் பழக்கம் வந்துவிடாது. 304 அவர் காதில் விழுந்து ஊறியிருக்க வேண்டும்.

ஆகவே கொப்பி எழுதும் ஐயா ஒருவர் வேண்டும். அவர் ஆடமாட்டார். முதல் இரவு, ஒவ்வொரு கை முடிந்ததும் இரண்டு எண்ணையும் எழுதி, வாய்விட்டுக் கூட்டுவார்: "நூற்றி அறுபத்தி நாலு, நூற்றி நாற்பது. முந்நூற்றி நாலு. சரி." இரண்டாம் இரவும் அப்படியே, அதே தொனி, கடைசியில் அதே "சரி". பயிற்சிக் கைகளையும் சேர்த்தால் ஆட்டக்காரர் அதைக் குறைந்தது ஆறு தரம் கேட்டிருப்பார். மூன்றாம் இரவு எழுதுவார், வாய்விட்டு எண்ணத் தொடங்கி நடுவில் நிறுத்தி, பென்சிலின் பின்பக்கத்தால் முதல் எண்ணிலிருந்து திரும்பத் தொட்டுத் தொட்டுப் போவார். "சரி" வராது.

நாலாம் இரவு இரண்டு எண்ணையும் எழுதுவார். கூட்டமாட்டார். கொப்பியை மூடி, வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்.